தொட்டி எந்த நாட்டில் செய்தது என்று கேட்டால்

முதலில் தட்டிப் பார்ப்பார்கள். நம் ஊர்க்காரர்கள் எதை வாங்கினாலும் தட்டித்தான் வாங்குவார்கள். தர்பூசணியில் தொடங்கிய பழக்கம் ஹாட் டப் வரைக்கும் வந்துவிட்டது. பைபாஸ் ரோட்டில் நம் கடைக்குள் நுழைந்து, நீலமாக மின்னும் அந்த வெந்நீர்த் தொட்டியின் விளிம்பை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, கேட்ட சத்தத்தில் எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு, அப்புறம்தான் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள். "இது எந்த நாட்டுச் சாமான்?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று, எனக்குப் பிறகு கடையைப் பார்க்கும் நீங்கள் நாலு பேரும் போன வாரம் போனில் கேட்டீர்கள். நான் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. ஓய்வு பெற்றுக் கடையை விட்டு வந்த பிறகு அந்தத் தட்டும் சத்தத்தை நினைத்தாலே திரும்பக் கடைக்குள் போய் நிற்க வேண்டும் போலிருக்கிறது, அதனால்தான். வீட்டில் குக்கர் மூடியை யாராவது தட்டினால்கூட, வாங்க சார் என்று எழுந்திருக்கப் போகிறேன். இப்படியும் ஒரு ஏக்கம் மனுஷிக்கு வரும் என்று எனக்கே தெரியாது.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நாடு முக்கியமா என்றால், தொட்டிக்கு முக்கியமில்லை. ஒரு தொட்டியைக் கழற்றிப் போட்டால் உள்ளே நாலு நாடு இருக்கும். ஓடு ஒரு நாடு, மோட்டார் ஒரு நாடு, ஹீட்டர் இன்னொரு நாடு, வயர் எங்கேயோ. ஸ்டிக்கரில் கடைசியாகப் பூட்டிய நாட்டின் பேர் இருக்கும். திருப்பரங்குன்றத்தில் ஒரு டாக்டர், ஜெர்மனியில் செய்தது தவிர எதையும் தொடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கினார். அவர் வீட்டு போர்த் தண்ணீர் உப்புக்கு ஜெர்மனியும் தெரியவில்லை, ஜப்பானும் தெரியவில்லை. ஹீட்டரைச் சுற்றிச் சுண்ணாம்பு கட்டி, வெந்நீர் என்ற பேரில் பச்சைத் தண்ணீர் வந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று விஷயம்தான்: எந்தக் குளிருக்காக அதைச் செய்தார்கள், நம் தண்ணீருக்கும் கரண்டுக்கும் ஒத்துப்போகுமா, கெட்டுப்போனால் சாமான் மாற்ற ஆள் பக்கத்தில் இருக்கிறானா. இதோடு எழுந்து போக நினைப்பவர்கள் போகலாம். மிச்சத்தைக் கேட்கிறவர்களுக்கு ஒச்சப்பன் அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன்.

அவரைத் தவிர அந்தத் தொட்டியைத் தட்டாமல் பேசிய ஆளை நான் பார்த்ததில்லை. உசிலம்பட்டிப் பக்கம் மாட்டுத் தீவன மொத்த வியாபாரம். வெள்ளை வேட்டி, சட்டையில் எப்போதும் புண்ணாக்கு வாசம். கடைக்குள் வந்தவர், தொட்டிகளைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"தங்கச்சி, கனடாவுல செஞ்ச தொட்டி வேணும். இருக்கா?"

நான் வழக்கமான பல்லவியை ஆரம்பித்தேன். இங்கே இருப்பதில் இரண்டு நம் நாட்டில் பூட்டியது, மூன்று சீனாவில் செய்தது, எல்லாமே நம் வெயிலுக்குப் பொருத்தமானவை என்றேன். கனடாத் தொட்டி பனியில் வைப்பதற்காகச் செய்தது. சூடு வெளியே போகக் கூடாது என்று சுற்றிலும் பஞ்சு மாதிரி நுரையை அடைத்திருப்பார்கள். நம் ஊர்ச் சித்திரையில் அதை மூடி வைத்தால், ஹீட்டரே எரியாமல், ஓடுகிற மோட்டாரின் சூட்டிலேயே தண்ணீர் காய்ந்துகொண்டு போகும். அப்புறம் குளிர வைக்கத்தான் நாம் பாடுபட வேண்டும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அக்னி நட்சத்திரத்தில் நிற்கிற மாதிரி என்று உதாரணம்கூடச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது வாஸ்தவம்தான். ஆனா எனக்குக் கனடாவுல செஞ்சதுதான் வேணும்."

"ஏண்ணே, தரம் நல்லா இருக்கும்னு யாரும் சொன்னாங்களா?"

"தரம் கெடக்கு கழுத. எம் மக அங்க இருக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். டீ வந்தது. டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு மகளைப் பற்றிச் சொன்னார்.

அவருக்கு ஒரே மகள், வனிதா. கல்யாணம் பண்ணி மாப்பிள்ளையோடு கனடா போனவள். போன இடத்தில் அது ஒத்துவரவில்லை. பிரிந்துவிட்டார்கள். அவள் திரும்பி வரவில்லை. அங்கேயே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் வேலை. ஊரில் சொந்தக்காரர்கள் பேசிய பேச்சு அவள் காதுக்கும் போயிருக்கிறது. வருஷக்கணக்காக ஊர்ப்பக்கம் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் கூப்பிடுவாள். நல்லா இருக்கேன்ப்பா, சாப்பிட்டேன்ப்பா, அம்மா மாத்திரை போட்டுச்சா, வச்சிடவாப்பா. அவ்வளவுதான் பேச்சு.

"மூஞ்சியில சிரிப்பே இல்ல தங்கச்சி. சின்னதுல வீட்டையே ரெண்டாக்கிரும். இப்ப நாந்தான் எதாவது கிறுக்குத்தனமாப் பேசிப் பாப்பேன். ம்ம்னு சொல்லும். எம் வீட்டுக்காரி பேச்சியம்மா அடுப்படிக்குள்ள போயி அழுவா. எனக்கு எங்க போயி அழுகுறதுன்னு தெரியாது."

அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டிருக்கிறாள். இவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். கை ஈரம் என்பதால் போனைக் கழனித் தொட்டி மேல் சாய்த்து வைத்தார். அந்தப் பக்கம் அவள் ஒரு வெந்நீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பனி, ஆவி பறந்தது.

"கன்னுக்குட்டி வேற வந்து போனை நக்கிருச்சு. வெரட்டிட்டு, துண்டால தொடச்சிட்டுப் பாக்குறேன், எம் மக சிரிக்குது. அம்புட்டுச் சிரிப்பு! கண்ணுல தண்ணி வருது, மூச்சு முட்டுது, தொட்டியப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. பழைய வனிதா. பேச்சியம்மாள ஓடியா ஓடியான்னு கத்துறேன், அவ வாரதுக்குள்ள கட்டாயிருச்சு."

அவர் போனை எடுத்து எனக்கு எதையோ காட்டப் போனார். காட்ட எதுவும் இல்லை. அந்தச் சிரிப்பை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. போனைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மார்கழியில வாரேன்னு சொல்லியிருக்கு. பொங்கல் வரைக்கும் இருக்க லீவு இல்லையாம். வரும்போது அந்தத் தொட்டி நம்ம வீட்டுல இருக்கணும். அதே ஊர்ல செஞ்சதா இருக்கணும். அதுல உக்காந்து ஒருக்கா அப்பிடிச் சிரிச்சிருச்சுன்னா, பேச்சியம்மா பாத்துக்கிருவா. போதும்."

நான் ஆர்டர் எழுதிக்கொண்டேன். நம் கரண்டுக்குத் தோதான மோட்டார் போட்டு அனுப்பச் சொல்லி, சென்னை விநியோகஸ்தரிடம் இரண்டு முறை உறுதி செய்துகொண்டேன். கப்பலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து லாரியில் வந்துவிடும், கார்த்திகைக்குள் பூட்டிவிடலாம் என்று கணக்கு.

கணக்கு நம் கையில் இருந்தது. கப்பல் இல்லை. கார்த்திகை தீர்ந்தது, தொட்டி வழியில் ஏதோ துறைமுகத்தில் கப்பல் மாற்றக் காத்துக் கிடந்தது. வனிதாவின் விமானத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஒச்சப்பன் அண்ணன் தினமும் போன் செய்வார், திட்ட மாட்டார். "எம்புட்டுத் தூரம் வந்திருக்கும் தங்கச்சி?" என்று மட்டும் கேட்பார். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அப்போதுதான் விநியோகஸ்தரின் ஆள் ஒருவர் கடைக்கு வந்து ஒரு வழி சொன்னார். அதே அளவு, அதே நிறம், கிட்டத்தட்ட அதே அச்சில் சீனத் தொட்டி ஒன்று அவர்கள் கிடங்கில் தயாராக இருக்கிறது. நம் வெயிலுக்கு அதுதான் நல்லது என்று நானே எல்லாரிடமும் சொல்வேன். "ஸ்டிக்கர்தானே மேடம், மாத்திரலாம். நல்ல பொருள்தானே குடுக்குறோம், ஏமாத்தவா போறோம்? அவருக்கு என்ன தெரியப்போகுது?"

இதில் உங்களுக்கு ஒன்று புரிய வேண்டும். அந்த ஆள் சொன்னதில் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்த வீட்டுக்கு நல்லது சீனத் தொட்டிதான். மகள் வருகிற நாளில் சுடுதண்ணீரோடு தயாராக இருக்கப் போவதும் அதுதான். ஒரு பெரியவரின் ஆசை நிறைவேறும், ஒரு தாய் மகளின் சிரிப்பைப் பார்ப்பாள். தராசின் எதிர்ப்பக்கத் தட்டில் இருந்தது விரல் நீளத்துக்கு ஒரு ஸ்டிக்கர். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

நம் முதலாளியம்மாவிடம் போய் நின்றேன். உங்களில் யாரும் அவரைப் பார்த்ததில்லை, நீங்கள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே போய்விட்டார். பட்டுக்குச் சாயம் போட்ட குடும்பத்தில் பிறந்து, குழாய்க்கடை வைத்தவர். வீட்டாரோடு சௌராஷ்டிர மொழியில் சண்டை போட்டுக்கொண்டே வாடிக்கையாளரிடம் தமிழில் சிரிப்பார், இரண்டும் ஒரே மூச்சில் நடக்கும். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"அவரு ஒங்கிட்ட என்ன கேட்டாரு?"

"கனடாத் தொட்டி கேட்டாரும்மா."

"தொட்டியா கேட்டாரு? கனடாவைல்ல கேட்டாரு. கேட்டதை எடுத்துவச்சுக்கிட்டு கேக்காததக் குடுக்குறேங்குறே. போ, போயி அவருகிட்டயே சொல்லு."

அவ்வளவுதான் அவர் சொன்னது. திரும்பவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டைல்ஸ் காட்டப் போய்விட்டார். அவரிடம் திட்டு வாங்க இன்னொரு நாள் கிடைத்தால் போதும் என்று இப்போது தோன்றுகிறது.

ஒச்சப்பன் அண்ணனுக்கு போன் போட்டேன். எதையும் மறைக்கவில்லை. கப்பல் தாமதம், மகள் வருவதற்குள் வரும் என்று என்னால் சொல்ல முடியாது. அதே மாதிரி சீனத் தொட்டி ஒன்று இருக்கிறது, இந்த வாரமே பூட்டிவிடலாம், அதுதான் உங்கள் வீட்டுக்கு நல்லதும்கூட. முடிவை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் மாடு கத்தியது, அதை அதட்டிவிட்டு வந்தார்.

"அது எம் மக இருக்கிற ஊரப் பாத்திருக்காதே தங்கச்சி," என்றார். "பொறுத்திருப்போம். வரட்டும்."

வனிதா முதலில் வந்தாள். தொட்டி அவளுக்குப் பின்னால் வந்தது. லாரி உசிலம்பட்டி தாண்டி அவர் வீட்டு முன்னால் நின்றபோது, பூட்டுகிற ஆட்களோடு நானும் போயிருந்தேன். பொதுவாக விற்பனைக்காரி அங்கே போக வேண்டியதில்லை. எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

கொல்லைப்பக்கம் சிமெண்ட் மேடை போட்டு வைத்திருந்தார். அதற்கு அந்தப் பக்கமே மாட்டுக் கொட்டம். இவ்வளவு பக்கத்தில் வேண்டாமே என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். வேம்பு நிழல் அங்கேதான் விழுகிறது, வேறு இடமில்லை என்றுவிட்டார். தொட்டியை இறக்கி, ஸ்டிக்கர் இருந்த பக்கம் வீட்டைப் பார்க்கிற மாதிரி வைக்கச் சொன்னார். குழாய் வைத்த பக்கம் தப்பாகப் போகிறதே என்று ஆட்கள் தலையைச் சொறிந்தார்கள். நான் கண்ணைக் காட்டினேன், திருப்பி வைத்தார்கள்.

வனிதா பின்கதவில் நின்று பார்த்தாள். மெலிந்த பெண். காது வரை வெட்டிய முடியாக இருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தேன், இடுப்புக்குக் கீழே சடை தொங்கியது. அப்பா ஓடி ஓடி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் உதட்டை விரித்தாள். நம் கடையில் நாம் நாள் முழுக்கச் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"நல்லா இருக்குப்பா."

"அதேதான பாப்பா? அதே ஊர்தான?"

"அதேதாம்ப்பா."

அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். இன்னும் தண்ணீர் நிறையவில்லையே, சூடாகவில்லையே என்று அவரே தன்னைச் சமாதானம் செய்துகொண்டார். போர்த் தண்ணீர் உப்பு என்பதால் டேங்கரில் நல்ல தண்ணீர் வரவழைத்து நிரப்பினோம். சூடாக மறுநாள் ஆகும். தண்ணீர் கெடாமலிருக்கப் போடும் மருந்து எதுவும் இப்போதைக்குப் போட வேண்டாம், காலையில் வந்து நான் போடுகிறேன் என்றேன். பேச்சியம்மா அக்காவைக் கூப்பிட்டு, இறங்குவதற்கு முன் உடம்பை நன்றாக அலசிவிட வேண்டும், உடம்பில் எண்ணெய் இருக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். சரி தாயி என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் போய்ச் சேர்ந்தபோது கொல்லையில் ஒரே கூச்சல்.

வெள்ளிக்கிழமை, வருஷக்கணக்காக மகள் தலையில் கை வைக்காத தாய், வேறு என்ன செய்வாள்? விடிந்ததும் மகளை மணையில் உட்கார வைத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்திருக்கிறார். நான் சொன்னதையும் மறக்கவில்லை. சீயக்காய் போட்டு நாலு சொம்பு ஊற்றி அலசிவிட்டுத்தான் தொட்டிக்குள் அனுப்பியிருக்கிறார். அந்த நீளச் சடைக்குள் இருந்த எண்ணெயும் சீயக்காயும் நாலு சொம்புக்குப் போகிற ஜாதியா? உள்ளே இறங்கியவள் பொத்தானை அமுக்க, நாலாபக்கமும் துளைகள் தண்ணீரைப் பீய்ச்ச, தொட்டி நுரைத்துக்கொண்டு எழும்பிவிட்டது. இந்தத் தொட்டிக்கு வந்த கையேட்டில் பனி உறைந்தால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். சீயக்காயைப் பற்றி ஒரு வரி இல்லை.

நுரை விளிம்பைத் தாண்டி மேடையில் வழிந்து கொட்டத்துக்குள் போனது. பேச்சியம்மா அக்கா, "ஐயோ ஏங்க, பொங்குதுங்க, நிப்பாட்டுங்க!" என்று கத்த, அண்ணன் நிறுத்தத் தெரியாமல் எல்லாப் பொத்தானையும் அமுக்க, விளக்குகள் சிவப்பும் பச்சையுமாக எரிந்தன. கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்த கன்றுக்குட்டி விளிம்பில் மூக்கை வைத்து நுரையை நக்கியது. நல்லவேளை, மருந்து போடவில்லை. அது தும்மியது. தும்மலில் பறந்த நுரை அண்ணன் மீசையில் போய் ஒட்டியது.

வனிதா சிரித்தாள்.

நான் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. முதலில் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் வீறிட்டது. கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணில் சீயக்காய் போய், சிரித்தாள். பேச்சியம்மா அக்கா கத்துவதை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றார். ஒச்சப்பன் அண்ணன் மீசையைத் துடைக்கவில்லை. என் பக்கம் திரும்பி, குரல் உடைந்து சொன்னார். "பாத்தீங்களா தங்கச்சி. இதுதான். இதே சிரிப்புத்தான்."

நான் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். யாராவது வேலையைப் பார்க்க வேண்டுமல்லவா.

தண்ணீரை இறக்கித் தென்னைக்கு விட்டோம். ஃபில்டர் எண்ணெய் குடித்துப் பிசுபிசுவென்று இருந்தது. நான் அதைக் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தபோது, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வனிதா வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா அப்பாகிட்ட சொல்ல மாட்டீங்கல்ல?"

"சொல்லு."

"அங்க எங்கிட்டத் தொட்டியெல்லாம் இல்லக்கா. அது கூட வேலை பாக்குற பொண்ணு வீட்டுது. ஒரே ஒரு நாளுதான் உக்காந்தேன். சூடு தாங்கல, எப்படா எந்திரிப்போம்னு இருந்துச்சு. ஆசையா அப்பாவுக்குக் காட்டலாம்னு கூப்புட்டேன். கூப்புட்டா, போன் முழுக்க ஒரு நாக்கு." அவளுக்குத் திரும்பவும் சிரிப்பு வந்தது. "இம்புட்டுப் பெரிய நாக்கு. பின்னாடி அப்பா, ஏய் போ, ஏய் போன்னு கத்துறாரு. கொட்டத்து வாசமே அடிச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்குத்தான் சிரிச்சேன். இவரு என்னடான்னா தொட்டிய வாங்கி வச்சிருக்காரு."

நான் ஃபில்டரை அலசுவதை நிறுத்திவிட்டேன்.

"சொல்லிராதீங்கக்கா. அம்புட்டு ஆசையா வாங்கியிருக்காரு."

"சொல்லல."

எண்ணெய்ப் படலம் தண்ணீரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "அங்க வெந்நிக்கா பஞ்சம்? குழாயத் தொறந்தா வெந்நிதான். முதுகு தேச்சுவிடத்தான் ஆளு இல்ல."

எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. ஃபில்டரை உதறுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை வருஷம் தொட்டி விற்றிருக்கிறேன். மனுஷர்கள் எதற்காக வெந்நீரில் போய் உட்காருகிறார்கள் என்று அன்று குழாயடியில்தான் எனக்கு விளங்கியது.

பொங்கலுக்கு முன்பே அவள் போய்விட்டாள். சித்திரையில் நான் பயந்த மாதிரியே ஆனது. "தங்கச்சி, ஹீட்டரே எரியல, தண்ணி கொதிக்குது!" என்று போன் வந்தது. சர்வீஸ் ஆளோடு போய், தண்ணீரை இறக்கி, மோட்டாரை நிறுத்தி, மூடியைக் காற்றோட்டமாக வைத்துவிட்டு வந்தேன். கிளம்பும்போது அண்ணன், ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு பழையபடி ஆகிவிட்டது, நல்லா இருக்கேன்ப்பா, வச்சிடவாப்பா என்கிறாள் என்று வருத்தப்பட்டார். வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேசுகிறாராம்.

சொல்லமாட்டேன் என்று அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கை மீறாமல் என்ன செய்யலாம் என்று தொட்டியைப் பார்த்தேன், கொட்டத்தைப் பார்த்தேன். கன்று வளர்ந்திருந்தது, நாக்கும்தான்.

"அண்ணே, வீட்டுக்குள்ள சிக்னல் சரியா இருக்காது. இனிமே இங்க தொட்டிகிட்ட வந்து பேசுங்க. போனை இந்த விளிம்புல சாச்சு வச்சுக்கங்க. மாட்டை அவுத்துக் கட்ட வேணாம், அது பாட்டுக்கு நிக்கட்டும்."

"வெத்துத் தொட்டிதானே இருக்கு?"

"இருந்தா என்னண்ணே. அவ ஊருத் தொட்டிதானே."

அது அவருக்குப் பிடித்துப்போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே போன். மூச்சு வாங்கப் பேசினார். "தங்கச்சி, சிரிச்சுச்சு! பேச்சியம்மாளும் பாத்தா! மாடு வேற இடையில வந்து வம்பு பண்ணுச்சு, அதையும் மீறிச் சிரிச்சுச்சு. நான் அன்னைக்கே சொன்னேன்ல? நீங்க வெயிலு வெயிலுன்னு பயமுறுத்துனீங்க. அந்த நாட்டுச் சாமான் அந்த நாட்டுச் சாமான்தான்!"

"ஆமாண்ணே," என்றேன். "அந்த நாட்டுச் சாமான்தான்."

இதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில். எந்த நாட்டுச் சாமான் என்று ஒருவர் கேட்டால், சட்டென்று ஸ்டிக்கரைக் காட்டாதீர்கள். வெயிலையும் தண்ணீரையும் கரண்டையும் பற்றிச் சொல்லுங்கள், அது நம் கடமை. சொன்ன பிறகும் அவர் ஒரு நாட்டின் பேரையே பிடித்துக்கொண்டு நின்றால், அவசரப்பட்டு அவரை முட்டாள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். அங்கே உங்கள் ஆள் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

போன வாரம் உங்கள் போனை நான் பாதியில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே நேரத்தில் ஒச்சப்பன் அண்ணன் அழைத்துக்கொண்டிருந்தார். நான் ஓய்வு பெற்றது அவருக்குத் தெரியும். தெரிந்தாலும் அவருக்குத் தொட்டி என்றால் நான்தான். இந்தத் தடவை வனிதா பொங்கலுக்கு வருகிறாளாம். நீண்ட லீவாம். தண்ணீர் நிரப்ப வேண்டுமாம்.

எல்லாம் பேசி முடித்த பிறகும் அவர் வைக்கவில்லை. பின்னால் பேச்சியம்மா அக்காவின் குரல், கேளுங்க, கேளுங்க என்று நச்சரித்தது.

"அது ஒண்ணுமில்ல தங்கச்சி. எண்ணெய் தேய்க்காம எப்பிடிப் புள்ளையக் குளிக்க விடுறதுன்னு கேக்குறா. போன தடவ மாதிரி ஆயிருமோன்னு பயப்படுறா. நீங்க வேணாம்னு சொன்னா தேய்க்க மாட்டா."

இந்தத் தொழிலில் நான் அடித்துப் பேசிய விதி ஒன்று உண்டென்றால் அது இதுதான். எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன், எத்தனை பேரைக் கடிந்திருப்பேன். உங்களுக்கும் அதையேதான் சொல்லிக் கொடுத்தேன். நீங்கள் அதை மாற்ற வேண்டாம்.

"நல்லாத் தேச்சே விடச் சொல்லுங்கண்ணே," என்றேன். "நான் ஃபில்டர் கூட ரெண்டு எடுத்துக்கிட்டு வாரேன்."